அருகிருக்கும் ஆசான்

(குறிஞ்சிப்பாடியிற் கூடிய நம் சங்கக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குப் பணிக்கப்பட்ட பொருள், நடுநிலைப் பள்ளிகளிற் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் துணை நிற்போரைப் பயிற்றுதல் என்பதாம். இலக்கணமும் இலக்கியமும் சொல்லிப் பிழைக்கும் தமிழாசிரியர்க்கு இப்பொருளிற் பேச யாது உரிமை என்று நீங்கள் வினவலாம். யாமும் செயலாளரவர்களை அவ்வாறே வினவினோம். 'கணக்கு வாத்தியாரை அழைத்தால் கணக்கைப் பற்றிப் பேசுவார். உங்களை அழைத்தால் கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசுவீர்கள்' என்றார் அவர். அவ்விடை எம்மை மடக்கிற்று. நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறை சிறியது. அங்கே ஒருவர் படும் இடர் மற்றவர்க்கு மறைவதில்லை. இருபதாண்டுகள் அவ்வறையில் இருந்து கண்டதையும், எம் பிழை ஒன்றினால் யாம் கற்றதையுமே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிக்க மதிப்பெண் பெற்ற பிள்ளைகட்குப் பரிசில் வழங்கி வருகின்றது. அது நற்செயலே. ஆயினும் மேடையேறிப் பரிசில் பெறுவாரை எண்ணுகின்றோமேயன்றி, மேடைக்கு வாராதாரை எண்ணுகின்றோமில்லை. அவர் எவ்விடத்தே நின்றுவிட்டனர்? பத்தாம் வகுப்புத் தேர்விலே என்பர் பலர். யாம் கண்ட அளவில் அன்று. அவர் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலுமே நின்றுவிட்டனர். நின்றமை பத்தாம் வகுப்பிலே நமக்குத் தெரிந்தது. பின்னம் என்னும் பாடம் வந்த கிழமையில் ஒரு பிள்ளை வாய் மூடுகின்றது. 'எனக்குக் கணக்கு வராது' என்ற சொல்லை அக்கிழமையிற் கற்றுக்கொள்கின்றது. அச்சொல்லை மட்டும் அது பின்னர் எந்நாளும் மறப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ஒன்றே முக்கால் மீட்டர்த் துணி இருக்கின்றது. அதனை அரை மீட்டர்த் துண்டுகளாக்கினால் எத்தனை துண்டு ஆகும்? தறிவீட்டுப் பிள்ளை துணியை மடித்துக் காட்டியே மூன்று துண்டு, மேலும் கால் மீட்டர் மிச்சம் என்று கூறிவிடும். அப்பிள்ளையையே கரும்பலகை முன்னர் நிறுத்தி, ஒன்றே முக்காலை அரையால் வகுக்க என்று பணித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை முக்காலே அரைக்கால் என்னும். அரையால் வகுத்தலை அது இரண்டாகப் பகுத்தலாகக் கொண்டது. மற்றொரு பிள்ளை மூன்றே கால் என்னும். விடையோ மூன்றரை. மூன்றே கால் என்ற பிள்ளை மூடம் அன்று. மீந்தது கால் மீட்டர் என்பதை அது கண்ணாற் கண்டது. ஆயின் வினவியது மீட்டர் அன்று, துண்டு. கால் மீட்டர் என்பது ஒரு துண்டிற் பாதி. இந்நுட்பம் அறிந்த ஆசிரியர் அப்பிழை விடையைக் கேட்டு மகிழ்வார். ஏனெனில், பாடத்தின் உயிர்நிலையே அங்கேதான் உள்ளது. அறியாதவர், 'தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு' என்னும் சூத்திரத்தைச் சொல்லிப் பிள்ளையை அமரச் செய்வார். பிள்ளை அமர்ந்துவிடும், அத்தோடு அதன் கணக்கும் அமர்ந்துவிடும்.

இஃது நம் ஊர்க்கு மட்டும் உள்ள குறை என்று கருதற்க. சீன நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த லிபிங் மா என்னும் அம்மையார், 1999-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் இதே கணக்கை அவர் அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும், சீன ஆசிரியர் 72 பேரிடமும் வினவினார். அமெரிக்க ஆசிரியரில் விடையை முற்றும் சரியாகக் கண்டவர் பாதிக்கும் குறைவு. அக்கணக்கிற்குப் பொருந்தும் ஒரு கதை அமைக்க என்றபோது, அவருள் ஒருவரே பொருந்த அமைத்தார். சீன ஆசிரியர் அனைவரும் விடை கண்டனர். பெரும்பாலார் கதையும் அமைத்தனர். இதனினும் வியப்பு யாதெனின், அச்சீன ஆசிரியர் கல்லூரியிற் பயின்ற காலம் அமெரிக்க ஆசிரியர் பயின்ற காலத்தினும் குறைவு என்பதே. பின் எங்ஙனம் இவ்வறிவு பெற்றனர்? பணியில் அமர்ந்த பின்னர், ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு உடன்பணி செய்வாரோடு கூடி ஆராய்ந்து, மூத்தாரிடம் வினவி, ஒருவர் வகுப்பை ஒருவர் கண்டு பெற்றனர். பட்டம் தந்த அறிவன்று அது. பக்கத்திலிருந்தார் தந்த அறிவு.

நம் பள்ளிகளின் நிலையைச் சிறிது நோக்குவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகட்குக் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஓராசிரியரேனும் இருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளது. சேர்த்து ஒருவர் என்பதைக் கருதிப் பாருங்கள். தாவரவியல் பயின்று வந்த ஓர் அம்மையார் பின்னமும் இயற்கணிதமும் கற்பித்தல் வேண்டும். கணிதம் பயின்று வந்தவர் அமிலமும் காரமும் கற்பித்தல் வேண்டும். அவர் சோம்பர் அல்லர். தாம் கல்லாத துறையில், நாற்பது பிள்ளைகள் நோக்க, நாள்தோறும் தனித்து நிற்கின்றார். ஐயம் தோன்றினால் வினவ அப்பள்ளியில் வேறொருவர் இலர். தமிழாசிரியராகிய எம்மை வினவி என்ன பயன்?

அவர்க்குப் பயிற்சியே இல்லையோ என்றால், உண்டு. நம் ஊர்க்கு அணித்தாய வடலூரிலேயே மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உள்ளது. வட்டார வள மையம் உண்டு. ஆசிரியர் பயிற்றுநர் உளர். குறுவள மையக் கூட்டங்களும் உண்டு. இவற்றை யாம் இகழ்ந்து உரைப்பேமல்லேம். அங்கே நல்லாசிரியர் பலரைக் கண்டிருக்கின்றோம். குறை ஆளிடத்ததன்று, முறையிடத்தது. மாநிலத் தலைநகரில் முதன்மைக் கருத்தாளர் சிலர் கற்கின்றனர். அவர் மாவட்டத்திற்கு வந்து வேறு சிலர்க்கு உரைக்கின்றனர். இவர் வட்டாரத்திற்கு வந்து ஆசிரியர்க்கு உரைக்கின்றனர். மேட்டிலிருந்து மடை மடையாக நீர் இறங்குவது போன்ற இம்முறையிற் கடைமடைக்கு எவ்வளவு நீர் வரும் என்பதை உழவரைக் கேட்டால் சொல்லுவர்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதற்கு ஒரு கணக்கே தந்திருக்கின்றார். ஆசான் உரைத்ததை நன்கு கேட்டுக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் கால் பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுதலால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப் பங்கும், பிறர்க்கு எடுத்துச் சொல்லுதலால் வரும். மாணாக்கர்க்குச் சொன்ன இவ்விதியை ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்றிப் பார்த்தோம். கேட்டலால் வருவது கால் எனின், முதன்மைக் கருத்தாளர் பெற்றது கால். அவரிடம் கேட்ட மாவட்டத்தார் பெற்றது காலிற் கால், அஃதாவது வீசம். அவரிடம் கேட்ட ஆசிரியர் பெற்றது வீசத்திற் கால், அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நம் முன்னோர் அதற்குக் கால் வீசம் என்று பெயரிட்டிருந்தனர். (திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்ற சிறுவன் இக்கணக்கை விரல் மடக்காமற் சொல்லியிருப்பான். அஃது ஒருபுறம் நிற்க.) கால் வீசம் பெற்றவர்தாம் நம் பிள்ளைகட்கு முழுப் பாடம் நடத்துகின்றார். ஆதலின், பயிற்சி வகுப்புகளைப் பெருக்குவதால் மட்டும் இக்குறை தீராது. உடன் பயிலுதலாகிய காலும், எடுத்துரைத்தலாகிய அரையும் எவ்வாறு வரும் என்பதே வினா. அவை, ஆசிரியர் பணி செய்யும் வகுப்பறையிலே, அவர் பக்கத்தில் ஒருவர் இருந்தால் வரும்.

இங்ஙனம் இருப்பாரையே 'அருகிருக்கும் ஆசான்' என்கின்றோம். அவர் யாவர், எவர் போன்றவர் என்பதை நம் தறிவீட்டிலேயே காணலாம். எம் தந்தையார் குழித்தறியில் நெய்தவர். எம் அண்ணன் தொழில் கற்ற காலத்தில் அவர் செய்ததை இன்றும் எண்ணிப் பார்க்கின்றோம். தறியை அண்ணனிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பார். கண் தாரில், காது தறியில். நாடா ஓடும் ஓசை மாறினால் இவருக்கு இழை அறுந்தது தெரிந்துவிடும். ஆயினும் உடனே எழமாட்டார். அண்ணன் தானே கண்டு நிறுத்துகின்றானா என்று பார்ப்பார். அவன் காணாது இரண்டு மூன்று முறை ஓட்டிவிட்டால், 'என்னடா, சத்தம் வேறாய்க் கேட்குதே' என்பார், அவ்வளவே. இழையைத் தாம் முடியமாட்டார். அண்ணனைத் தறியினின்று எழுப்பித் தாம் அமர்ந்து நெய்து காட்டியதை யாம் ஒருநாளும் கண்டதில்லை. அண்ணன் இழை முடிந்த பின்னர், எதனால் அறுந்தது என்று வினவுவார். அண்ணன் ஏதேனும் சொல்வான். தவறாக இருந்தாலும் முழுதும் கேட்பார்.

இப்பொழுது, பள்ளிக்கு வரும் பயிற்றுநரையோ மேற்பார்வையாளரையோ எண்ணிப் பாருங்கள். ஒருவர் படிவத்தோடு வருகின்றார், கட்டங்களில் குறியிடுகின்றார். பிறிதொருவர் ஆசிரியரை ஒருபுறம் ஒதுக்கி, தாமே பாடம் நடத்திக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துப் போய்விடுகின்றார். மறுநாள் அவ்வாசிரியர் அவ்வகுப்பில் நுழைவது எத்துணைக் கடினம்! பயிற்றுநர் பலர்க்கும் புள்ளி விவரம் திரட்டும் வேலை மிகுதி. பாடம் காண விருப்பம் இருந்தும் பொழுதில்லை என்று அவர்களே எம்மிடம் வருந்தியிருக்கின்றனர்.

பிறரைச் சொல்வானேன்? எம் பிழையைச் சொல்லுவோம். சில ஆண்டுகட்கு முன்னர், எம்மையும் கருத்தாளராக நியமித்து, வேறொரு பள்ளியின் வகுப்புகளைக் கண்டு வருமாறு அனுப்பினர். அங்கே பணிக்கு வந்து ஓராண்டும் நிரம்பாத ஓர் அம்மையார் ஏழாம் வகுப்பிற்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அச்சமின்றி வினவினர். அவரும் சிரித்து விடையிறுத்தார். ஆயின், 'நிறை' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'எடை' என்றும், 'எடை' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'நிறை' என்றும் மயங்கிச் சொன்னார். யாம் தமிழ்ப் புலவர் அல்லமோ? பாடம் முடிந்ததும் எழுந்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே அவ்விரு சொல்லின் வேறுபாட்டை எடுத்துரைத்து, படிவத்திலும் எழுதி, உள்ளத்தே மகிழ்ந்து அமர்ந்தோம். 'சரிங்க ஐயா' என்றார் அவ்வம்மையார். வேறொன்றும் உரைத்திலர்.

மறு மாதம் அவ்வகுப்பிற்குச் சென்றபோது, பாடம் ஒரு பிழையுமின்றி நடந்தது. வினாவும் விடையும் ஒரே குரலில் எழுந்தன. ஒரு பிள்ளையேனும் ஐயம் வினவவில்லை. அப்பாடத்தை முதல்நாளே மும்முறை நடத்திப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். யாம் வருகின்றோம் என்ற அச்சத்தால், முன்பு உயிரோடு இருந்த ஒரு வகுப்பு எமக்காக நாடகம் ஆடிற்று. அந்நாள் தொட்டு அவர் வகுப்பின் கதவு எமக்குத் திறந்திருந்தும் திறக்கவில்லை.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அஃது எமக்கு நெடுநாள் கழித்தே விளங்கிற்று. இன்றைய அறிவியற் பாடநூலில் 'நிறை' என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. 'எடை' என்பது புவி அதனை ஈர்க்கும் விசை. நிலவிற்குச் சென்றால் எடை குறையும், நிறை குறையாது. ஆனால் பழந்தமிழில் நிறுத்தல் என்னும் தொழிலின் பெயரே நிறை. நல்லாசிரியர்க்கு நன்னூல் கூறும் உவமைகளுள் ஒன்று நிறைகோல், அஃதாவது தராசு. கடைவீதியில் நிறுப்பதை எடை என்கின்றோம், அந்நிறுவைக்குக் கிலோகிராம் என்று அலகும் சொல்கின்றோம். பாடநூலோ கிலோகிராம் நிறையின் அலகு என்கின்றது. இவ்வளவு சிக்கலும் நம் மொழியின் வழக்கிலே கிடக்க, அவ்வம்மையாரும் பிள்ளைகளும் மயங்கியதில் வியப்பென்ன? அவ்வரலாற்றை அவரோடு அமர்ந்து, ஒரு குவளைத் தேநீர் அருந்தும் பொழுதில், தமிழாசிரியராகிய யாம் சொல்லியிருக்கலாம். அவர்க்கு வேறெவரும் தர இயலாது எம்மால் மட்டும் தரக்கூடியதாய் இருந்த உதவி அஃதொன்றே. அதனைத் தராது குறியிட்டு வந்தோம்.

நன்றாகக் கற்பிப்பவர் எல்லாம் கற்பிப்பவர்க்குத் துணையாக வல்லவர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அவ்வெண்ணம் தவறு. பிள்ளைக்குக் கற்பித்தல் ஒரு கலை. கற்பிப்பாரோடு இருத்தல் வேறொரு கலை. அதற்கும் பயிற்சி வேண்டும். எமக்கு அஃது இல்லை. இரண்டு நாட் கூட்டமும் ஒரு படிவமுமே தரப்பட்டன. பருத்திக் குண்டிகையைப் பவணந்தியார் ஆசிரியர் ஆகாதார்க்கு உவமை கூறினார். சிறிது சிறிதாக இட்டால்தான் கொள்ளும், சிறிது சிறிதாக எடுத்தால்தான் தரும் என்பது கருத்து. அக்குண்டிகையை நம் மரபினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆனால் பயிற்சியைப் பொறுத்தவரை அக்குண்டிகையே நல்லது என்று எமக்குத் தோன்றுகின்றது. ஒரே நாளிற் கொட்டியது ஒரே நாளிற் போய்விடும். (இலக்கண ஆசிரியரோடு முரணுகின்றோம், பொறுத்தருள்க.)

இதனை நெடுங்காலம் செய்து காட்டினோர் நம் நாட்டிலேயே உளர். 1972-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில், நருமதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று அதன் பெயர் நர்மதாபுரம்) 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர் கிராம மையம் என்னும் இரண்டு தொண்டு நிறுவனங்கள் அதனை எடுத்துக்கொண்டன. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும், தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து துணை நின்றனர். பிள்ளைகள் அறிவியலை ஏட்டில் மனப்பாடம் செய்யாது, கையாற் சோதனை செய்து கற்றல் வேண்டும் என்பது கொள்கை. அதற்கு ஆசிரியரே முதலிற் சோதனை செய்தல் வேண்டும் அன்றோ? ஆகவே கோடை விடுமுறைகளில் அவர் கிழமைக்கணக்கிற் கூடி, பிள்ளைகள் போலவே அமர்ந்து செய்தனர். விஞ்ஞானியே 'எனக்குத் தெரியவில்லை, செய்து பார்ப்போம்' என்பதை ஆசிரியர் அங்கே கேட்டனர். அச்சொல்லைப் பெரியவர் ஒருவர் வாயிற் கேட்டால் அல்லது நம்மவர்க்குச் சொல்லத் துணிவு வராது.

யாம் வியப்பது அக்கோடை முகாம்களை அன்று. அதன் பின்னர் நடந்ததை. மாதந்தோறும் சுற்றுவட்டாரத்து ஆசிரியர் ஓரிடத்திற் கூடினர். சோதனை எங்கே தவறியது, பிள்ளை யாது வினவியது என்று பேசினர். துணைவர் பள்ளிகட்குச் சென்றனர். சென்றது மேற்பார்வைக்கு அன்று, உடனிருப்பதற்கு. நாளடைவில் அத்துணைவரிற் பலர் அப்பள்ளி ஆசிரியரிடமிருந்தே தோன்றினர். நேற்று ஐயம் வினவியவர் இன்று பிறர் ஐயத்தைக் கேட்பவராயினர். நன்னூல் சொன்ன அரைப் பங்கு அவர்க்குக் கிட்டிற்று. 1978-இல் அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் அம்முயற்சி பரவியது. 1982-இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றி அதனை மேலும் பல மாவட்டங்கட்குக் கொண்டு சென்றது. தேர்வும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதாகவும், சோதனை செய்து காட்டுவதாகவும் அமைந்தது. முப்பதாண்டு நடந்த அதனை, 2002-ஆம் ஆண்டு மாநில அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தியதன் நன்மை தீமைகளை ஈண்டு ஆராயேம். ஆணையால் வாழ்வது ஆணையால் முடியும் என்பதை மட்டும் நம் சங்கத்தார் மனங்கொள்ளுக.

இனி, துணை நிற்போரைப் பயிற்றும் வகை யாது? விரித்தாற் பொழுது போதாது. எமக்குத் தோன்றிய ஒன்றிரண்டு மட்டும் கூறுவாம்.

முதலாவது, பிழை விடையைக் கேட்கப் பழகுதல். துணைவராக வருவோர் கூடியமர்ந்து, பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை முன்னே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இது சரியா தவறா என்பது அங்கே வினாவன்று. இப்பிள்ளை யாது நினைத்து இதனை எழுதிற்று என்பதே வினா. மூன்றே கால் எழுதிய பிள்ளையின் நினைவை உய்த்துணர்ந்தவரே, அப்பிள்ளைக்குத் 'தலைகீழாக்கு' என்று சொன்ன ஆசிரியரின் நினைவையும் உய்த்துணர்வார். ஆசிரியர் மூடத்தால் அவ்வாறு சொன்னாரல்லர். மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்ததாற் சொல்லியிருக்கலாம். தமக்கும் அஃது அவ்வாறே கற்பிக்கப்பட்டதாற் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது, ஊரிற் கிடக்கும் பொருளைப் பாடமாகக் காணுதல். எதிர் விகிதம் கற்பிக்கும் ஆசிரியர், பத்து ஆள் ஐந்து நாளிற் கட்டும் சுவரைப் பற்றியே எந்நாளும் பேசுகின்றார். நம் பிள்ளைகள் வீட்டிலோ நூல் நம்பர் இருக்கின்றது. 840 கஜம் கொண்ட சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு ராத்தல் நிறுக்கும் நூல், 40-ஆம் நம்பர். 60 சிட்டம் சேர்ந்தால்தான் ஒரு ராத்தல் எனின், அது 60-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் ஏன் மெலிகின்றது? நெசவாளர் அனைவரும் அறிந்த இதனைக் கணக்காகச் சொல்ல அறிந்தவர் சிலரே. இங்ஙனமே அறிவியலிலும். கத்திரி வெயிலில் இழை மிகுதியாக அறுவது ஏன், மழைக்காலத்தில் அறுவது குறைவது ஏன் என்று ஒரு பெண்பிள்ளை ஒருமுறை எம் பள்ளியில் வினவிற்று. 'அது பாடத்தில் இல்லை' என்ற விடையோடு அவ்வினா முடிந்தது. விடையிறுத்தவரை நோகேம், அவர்க்கும் தெரியாது. அருகே ஒருவர் இருந்து, 'எனக்கும் தெரியாது அம்மா; ஈர நூல் ஒன்றும் உலர்ந்த நூல் ஒன்றும் எடுத்துப் படிக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்ப்போமா?' என்று அவ்வாசிரியரை வினவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டிருப்பர். குழியில் தறி அமைத்த முன்னோரின் கருத்தும் விளங்கியிருக்கும். அதற்குச் செலவு இரண்டு முழம் நூல்.

மூன்றாவது, வாய் அடக்கம். இதுவே எமக்கு அரியதாயிற்று. வகுப்பறையிற் கண்டதை வகுப்பறையிற் பேசலாகாது; ஆசிரியர் வினவாததை முதலிற் சொல்லலாகாது; எழுதிய குறிப்பு ஆசிரியர்க்கே உரியது, மேலிடத்திற்கு அன்று. இக்கட்டுப்பாடு இன்றேல் அத்துணைவர் எத்துணைப் புலமையுடையராயினும் இன்னுமொரு மேற்பார்வையாளரே ஆவர்.

நம் சங்கத்தார் செய்யத்தக்கது யாது என்பதைச் சொல்லி முடிப்போம். திருமண மண்டபத்திற்கு முகப்பு வளைவு கட்டுதல் வேண்டும் என்று சென்ற கூட்டத்திற் பேசப்பட்டது. அதனை ஓராண்டு தள்ளிவைக்குமாறு வேண்டுகின்றோம். நம் மரபினரில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் இவ்வவையிலேயே இருக்கின்றனர். பிற மரபினரிலும் வர விரும்புவோர் உளர். அவருள் ஆறு பேரைத் தேர்ந்து, முதல் ஆறு மாதம் அவர் தம்முள்ளே பயிலட்டும். பின்னர் தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் ஆகியோரின் இசைவு பெற்று, மூன்று பள்ளிகளில், தாமாக விரும்பி அழைக்கும் ஆசிரியரிடம் மட்டும் செல்லட்டும். அழையாத ஆசிரியரிடம் செல்லுதல் ஆகாது. பேருந்துக் கட்டணம், தேநீர், நூல், படிக்கல், தாள் என்பனவே செலவு. வளைவின் செலவில் ஒரு சிறு பங்கும் ஆகாது.

'நம் பணம் நம் பிள்ளைகட்கே ஆகுக. ஊர்ப் பிள்ளைகட்கு ஏன்?' என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் தனித்து வினவினார். அவர்க்கு அவையிலேயே விடை கூறுகின்றோம். ஒரே பலகையில் தறிவீட்டுப் பிள்ளையும், உழவர் பிள்ளையும், கூலிக்குச் செல்வார் பிள்ளையும் அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர் பலகையிற் பாதிக்கு மட்டும் பின்னம் கற்பிக்க வல்லரோ? மற்றும், அருகிருக்கும் ஆசான் எம்மரபினர் என்று வினவும் ஆசிரியர் இருப்பின், அவர் வகுப்பிற்கு நாம் போக வேண்டுவதில்லை. 'அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்வது?' என்பார்க்கும் ஒரு சொல். அரசு செய்யட்டும், செய்யுமாறு கேட்போம். அதுகாறும் இவ்வாண்டு ஏழாம் வகுப்பிலிருக்கும் பிள்ளை ஏழாம் வகுப்பிற் காத்திராது.

மேற்சொன்ன அம்மையாரைச் சென்ற திங்கள் ஒரு திருமண வீட்டிற் கண்டோம். நிறையும் எடையும் பற்றிய எம் பிழையை அவரிடம் ஒப்புக்கொண்டு பொறுக்குமாறு வேண்டினோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், 'அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன் ஐயா' என்றார். அதன்மேல் இத்திட்டத்தைக் கூறினோம். சங்கம் ஒப்பினால், முதலில் தம் வகுப்பிற்கே வரலாம் என்றார். பாடம், பின்னங்களின் வகுத்தல். கடைசிப் பலகையில் இடம் தருவதாகவும், படிவம் கொண்டு வரலாகாது என்றும் சொல்லியிருக்கின்றார். பெயர் கொடுக்க விரும்பும் ஆசிரியர்கள் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரவர்களிடம் கொடுப்பாராக.